கோடு தெரியுது, பிரேம் வரல்ல: 437 மெகாஹேர்ட்ஸில செய்மதி டெலிமெட்ரி

கல்முனை | ஜூன் 6, இரவு 9.12

437 மெகாஹேர்ட்ஸில 9600 எஃப்எஸ்கே (மீடிறனை மாத்தி மாத்தி செக்கனுக்கு 9600 பிட்) அனுப்புற கியூப்சற் (சின்னப் பெட்டிச் செய்மதி) ஒண்டின்ர டெலிமெட்ரியை, அதாவது அதின்ர நிலைமைத் தரவை, பிடிக்கப் பார்க்கிறன். வோட்டர்ஃபோலில (மீடிறனை நேரத்தோட வரையிற திரை) வளைஞ்ச கோடு நல்லாத் தெரியுது. சவுண்ட்மோடத்தில (ஒலியில இருந்து தரவை அவிழ்க்கிற மென்பொருள்) ஒரு பிரேமும் (தரவுப் பொதி) விழுகுதில்ல. சாமான் இதுதான்: ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 (யூஎஸ்பி ரேடியோ டொங்கிள்), கை ஒண்டு 53 சென்றிமீற்றர் வி-டைபோல் (ரெண்டு கம்பி வி வடிவ அன்டெனா), 15 மீற்றர் ஆர்ஜி58 கேபிள், விண்டோஸ் லப்டொப்பில எஸ்டிஆர்ஷார்ப் (ரேடியோ மென்பொருள்). என்எஃப்எம் (ஒடுங்கின எஃப்எம்), அகலம் 12.5 கிலோஹேர்ட்ஸ், கெயின் முழுசா. பெரிய யாகி (ஒரு பக்கம் பார்க்கிற அன்டெனா) ஒண்டு வாங்கினாச் சரியாகுமா?

கல்லடி | ஜூன் 6, இரவு 9.47

யாகி இப்ப வேணாம் தம்பி. கோடு கண்ணுக்குத் தெரியுற அளவு சிக்னல் வந்திருந்தா, முதல்ல டொங்கிளுக்குப் பிறகு நடக்கிற வேலையைப் பாருங்க.

அகலம் 12.5 போதாது. டீவியேஷன் (மீடிறன் விலகுற அளவு) 3 கிலோஹேர்ட்ஸ் எண்டு வைச்சா, கார்சன் விதிப்படி 2 × (3 + 4.8) = 15.6 கிலோஹேர்ட்ஸ் வேணும். டொப்ளர் (செய்மதியின்ர வேகத்தால மீடிறன் நகர்றது) திருத்தத்தில வாற பிசகுக்கும் இடம் விட்டு 20 வைங்க. ஒடியோப் பகுதியில 'ஃபில்டர் ஒடியோ' டிக்கை எடுத்திருங்க. அது மனுசக் குரலுக்கான வடிகட்டி. 9600 சிக்னலுக்கு அடியில சில பத்து ஹேர்ட்ஸ் முதல் மேல ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸ் வரை தட்டையாப் போகவேணும். ஸ்குவெல்ச் (சிக்னல் பலமில்லாட்டி ஒலியை அடைக்கிறது) ஓஃப். விர்ச்சுவல் ஒடியோ கேபிளின்ர (எஸ்டிஆர்ஷார்ப் ஒலியைச் சவுண்ட்மோடத்துக்குக் கொண்டு போற மென்பொருள்) ரெண்டு பக்கமும் 48000 சாம்பிள். விண்டோஸ் ஒலி அமைப்பில 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாத்தையும் மூடுங்க.

கொஞ்சம் பிழைச்சா ஏன் ஒண்டுமே வராமப் போகுது எண்டு விளங்கவேணும். ஏஎக்ஸ்.25 (அமெச்சூர் ரேடியோப் பொதி முறை) பிரேமில பிழை கண்டுபிடிக்க சிஆர்சி (சரிபார்ப்பு எண்) இருக்கு, பிழை திருத்த ஒண்டும் இல்ல. ஒரு பிட் மாறினா முழு பிரேமும் குப்பைக்குள்ள. அதுக்கு மேல ஜி3ஆர்யூஎச் கலக்கி. அது 12 பிட்டுக்கும் 17 பிட்டுக்கும் முந்தினதைச் சேர்த்துக் கலக்கிறதால, வானத்தில பிழைச்ச ஒரு பிட் அவிழ்க்கிற பக்கம் மூண்டு பிழையா வரும். 200 பைட் பிரேம் எண்டா 1600 பிட். ஆயிரத்தில ஒரு பிட் பிழைச்சா அஞ்சு பிரேமில ஒண்டுதான் தப்பும். பத்தாயிரத்தில ஒண்டு எண்டா நூற்றில 85 தப்பும். இந்த ரெண்டு நிலைக்கும் இடையில ரெண்டு டெசிபெலும் இல்ல. வோட்டர்ஃபோலில கண்ணால பார்த்து அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஏலாது.

ஏறாவூர் | ஜூன் 7, காலை 6.30

மென்பொருள் சரி. ஆனா கேபிளையும் விடக்கூடாது. ஆர்ஜி58 437இல மீற்றருக்கு 0.35 தொடக்கம் 0.4 டெசிபெல் தின்னும். 15 மீற்றருக்கு அஞ்சரை டெசிபெல் கிட்ட. அன்டெனாவுக்கு வந்த சக்தியில மூண்டில ரெண்டுக்கு மேல கேபிளுக்குள்ளேயே சூடாப் போயிடுது. அந்த வி-டைபோலும் 137 மெகாஹேர்ட்ஸுக்கு வெட்டினது. 437இல அது செவிடு. கை ஒண்டு 16.4 சென்றிமீற்றருக்கு வெட்டுங்க.

ஒலுவில் | ஜூன் 7, காலை 8.05

ஏறாவூர்க் காக்கா, செவிடு எண்டு சொல்ல ஏலாது. 137இன் மூண்டு மடங்கு 411. அரை அலை டைபோல் மூண்டாம் மடங்கிலயும் ஓரளவுக்கு ஒத்திசையும். அதாலதான் தம்பிக்குக் கோடு தெரியுது. கோளாறு கதிர்ப் பரம்பல்ல. 437இல அலைநீளம் 68.6 சென்றிமீற்றர், 53 சென்றிமீற்றர் கை முக்கால் அலைக்கும் கொஞ்சம் மேல. பரம்பல் பல இதழாப் பிரிஞ்சு, இடையிடையே குழி விழும். செய்மதி ஒரு இதழில இருந்து மற்றதுக்குப் போகேக்க கோடு மங்கி மங்கித் தெரியும். தம்பி, அப்படித்தான் மங்குதா?

கல்முனை | ஜூன் 7, காலை 8.20

ஓம். ஒரு பாஸில (செய்மதி ஒருக்கா வானத்தைக் கடக்கிறதில) நாலஞ்சு தரம் மங்கி மங்கி வருது. செய்மதி உருளுறதால எண்டு நினைச்சன்.

ஒலுவில் | ஜூன் 7, காலை 8.41

உருளுறதாலயும் மங்கும். பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. உருளல் எண்டா மங்கல் சீரான இடைவெளியில வரும், பாஸ் முழுக்க அதே கதி. அன்டெனாக் குழி எண்டா ஏற்றக்கோணம் மாறுற கதிக்கேற்ப இடைவெளி நீண்டு, நடுவில குறுகி, பிறகு நீளும். அடுத்த நாள் அதே மாதிரிப் பாதையில வேற செய்மதி வந்தாலும் அதே கோணத்தில மங்கும்.

கல்லடி | ஜூன் 7, பகல் 12.15

கேபிளுக்கு மலிவான வழி ரீவி டிஷ்ஷுக்கு இழுக்கிற ஆர்ஜி6. 437இல 10 மீற்றருக்கு ஏறத்தாழ ஒண்டரை டெசிபெல்தான் போகும். 75 ஓம் எண்டு பயப்படாதீங்க. 50க்கு 75 சேர்த்தா நிலையலை விகிதம் 1.5, அதால வாற இழப்பு 0.2 டெசிபெலுக்கும் குறைவு. மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் ரீவி சாமான் விக்கிற எந்தக் கடையிலயும் எஃப் கொனெக்டரோட கிடைக்கும். எஃப்பில இருந்து எஸ்எம்ஏக்கு மாத்துற சின்னத் துண்டு ஒண்டு போதும். ஆர்ஜி6இல வலை அலுமினியம், ஈயம் பிடிக்காது. அதால சோல்டர் பண்ணப் பார்க்காம நசுக்கிற வகை கொனெக்டர் போடுங்க.

எல்என்ஏ (இரைச்சல் குறைஞ்ச பெருக்கி) வாங்கினா அன்டெனா அடியில வைங்க. லப்டொப் பக்கம் வைச்சா, கேபிளில இரைச்சலுக்குள்ள போன சிக்னலை இரைச்சலோட சேர்த்துப் பெருப்பிக்கும், அவ்வளவுதான். அதுக்கு மின் குடுக்க வி3 டொங்கிள் 4.5 வோல்ட்டை கேபிள் வழியா அனுப்பும், அதுதான் பயஸ்-டீ. அதுக்கு முதல் மல்டிமீற்றரை வைச்சு அன்டெனாவின்ர நடு முனைக்கும் வலைக்கும் இடையில பாருங்க. மடிப்பு டைபோல், சில கியூஎஃப்எச் (சுருள் வடிவ அன்டெனா) எல்லாம் நேரோட்டத்துக்கு ஷோர்ட். இடையில எல்என்ஏ இல்லாம அதுகளுக்கு பயஸ்-டீயைப் போட்டா நேரா ஷோர்ட் சேர்க்கிட்தான்.

கல்முனை | ஜூன் 10, இரவு 7.55

கையை 16.4க்கு வெட்டி, ஆர்ஜி6 12 மீற்றர், அகலம் 20, ஒடியோ வடிகட்டி ஓஃப். இண்டைக்குப் பாஸ் நடுவில மூண்டு பிரேம் விழுந்திச்சு! தொடக்கத்திலயும் கடைசியிலயும் இல்ல. கெயினை இன்னும் கூட்ட ஏலாது, 49.6இலதான் நிக்குது.

கல்லடி | ஜூன் 10, இரவு 8.30

நல்லம். இப்ப கெயினைக் குறைங்க.

முதல்ல ரெண்டு ஏஜிசியையும் (தானாக் கெயின் மாத்துறது) மூடுங்க. அன்டெனாவைப் பூட்டினபடி கெயினை 0இல இருந்து ஒவ்வொரு படியா ஏத்துங்க. ஒரு இடத்தில அன்டெனாவைக் கழட்டினா இரைச்சல் மட்டம் இறங்கும், பூட்டினா ஏறும். அந்த இடத்துக்கு ஒண்டு ரெண்டு படி மேல போதும். உங்கட டொங்கிள்ல இருக்கிற ஆர்820டி2 சிப்பில அது பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடையில இருக்கும். அதுக்கு மேல ஏத்தினா சிக்னலும் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும், வித்தியாசம் கூடாது. டொங்கிள் 8 பிட்தான் தம்பி. பக்கத்தில ஒரு பலத்த எஃப்எம் நிலையமோ செல் கோபுரமோ இருந்தா அந்த 8 பிட்டையும் அது நிரப்பிடும். வோட்டர்ஃபோலில இருக்கக்கூடாத இடத்தில பாட்டு நிலையம் கேட்டா அதுதான் அடையாளம். 88 முதல் 108 வரை அடைக்கிற வடிகட்டியை எல்என்ஏக்கு முன்னால போடுங்க.

தொடக்கத்திலயும் கடைசியிலயும் வராததுக்குத் தூரம்தான் காரணம். 500 கிலோமீற்றர் உயரத்தில போற செய்மதி தலைக்கு மேல 500, ஏற்றக்கோணம் 10 பாகையில ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு மட்டும் பத்தரை டெசிபெல் போகும். வி-டைபோல் படுக்கையாக் கிடந்தா மேல நல்லாக் கேட்கும், அடிவானத்தில குறையும். நாலு கம்பி சரிச்சுக் கட்டின கால் அலைக் கிரவுண்ட் பிளேன் நேர்மாறு. அடிவானத்தில நல்லம், உச்சியில குழி. நாள் கணக்கில பார்த்தா தாழ்ந்த பாஸ்கள்தான் கூட. எங்கட பக்கம் கிழக்க முழுக்கக் கடல், கட்டடமும் இல்ல, கட்டடத்தின்ர இரைச்சலும் இல்ல. அதால கரையோரத்தில இருக்கிறவங்களுக்கு ரெண்டையும் கட்டி, பாஸுக்கேற்ப மாத்திப் பூட்டச் சொல்லுவன். அம்பாறை டவுணில, இங்கினியாகலைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு மலை மறைக்கும், அவங்க வி-டைபோலோட நிக்கலாம்.

ஏறாவூர் | ஜூன் 11, காலை 5.50

இரைச்சல் பற்றி ஒரு சோதனை. லப்டொப்பை பற்றரியில விட்டு, சார்ஜரைக் கழட்டி, இரைச்சல் மட்டத்தைக் குறிங்க. பிறகு வீட்டு மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிப் பாருங்க. இறங்கினா உங்கட வீடுதான் குற்றவாளி. எல்இடி பல்ப், போன் சார்ஜர், சோலார் இன்வேர்ட்டர் எண்டு ஒவ்வொண்டாப் போட்டுப் பார்த்தா ஆளைப் பிடிக்கலாம். இறங்காட்டி வெளியில இருந்து வருது. திருவிழாச் சோடனை லைட்டுகள் தெரு முழுக்கக் கட்டியிருக்கிற நாட்களில 137 மெகாஹேர்ட்ஸை மறந்திருங்க. 437 ஓரளவு தப்பும். யூஎஸ்பி 3 போர்ட்டில டொங்கிளைக் குத்தாதீங்க, ஒரு மீற்றர் யூஎஸ்பி 2 வயர் போட்டுத் தள்ளி வைச்சு, வயரில ஃபெரைட் வளையம் மாட்டுங்க.

திருக்கோவில் | ஜூன் 12, மாலை 4.10

இடையில ஒரு கேள்வி. ஜிபிரெடிக்ட் (செய்மதிப் பாதை காட்டுற மென்பொருள்) பழைய பட்டியல்ல இராவணா-1 இருக்கு, 437.375. அதைக் கேட்க ஏலுமா? எங்கட நாட்டுச் செய்மதி எண்டு பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.

ஒலுவில் | ஜூன் 12, மாலை 5.02

ஏலாது. இராவணா-1, 2019 ஏப்ரல் 17 அமெரிக்காவின் வொலொப்ஸில இருந்து சிக்னஸ் சரக்கு விண்கலத்தில போய், ஜூன் 17 சர்வதேச விண்வெளி நிலையத்தில இருந்து விடப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தின்ர பேர்ட்ஸ்-3 திட்டம். நேபாளிசற்-1, உகுயிசு எண்டு கூடப் பிறந்ததுகள் ரெண்டு. 400 கிலோமீற்றர் உயரத்தில விட்ட பத்து சென்றிமீற்றர்ப் பெட்டி மெல்லிய காற்றோட உராய்ஞ்சு இறங்கிக்கொண்டே வரும். 2021இல வளிமண்டலத்துக்குள்ள வந்து எரிஞ்சிட்டு. பட்டியல் எதையும் நம்பமுதல் சற்நொக்ஸ் (உலகம் முழுக்க ஆக்கள் பிடிச்ச செய்மதித் தரவைச் சேர்க்கிற வலையமைப்பு) தரவுத்தளத்தில அந்தச் செய்மதி உயிரோட இருக்கா, அண்மையில யாராவது பிரேம் பிடிச்சிருக்காங்களா எண்டு பாருங்க. நோவா 15, 18, 19 வானிலைச் செய்மதி மூண்டையும் 2025இல நிப்பாட்டிட்டாங்க. ஆனாலும் பழைய வழிகாட்டிகள் இன்னும் அதுகளைத்தான் காட்டுது.

பிள்ளைகளுக்குக் காட்ட ரெண்டு வழி சொல்றன். படம் வேணும் எண்டா மெற்றியோர்-எம் 2-4 வானிலைச் செய்மதி. 2024 பெப்ரவரியில ஏவினது, 137.9 அல்லது 137.1இல எல்ஆர்பிடி (டிஜிட்டல் படம் அனுப்புற முறை). சற்டம்ப் மென்பொருள் நேரடியாப் படமாக்கித் தரும். அந்தப் பழைய 53 சென்றிமீற்றர் வி-டைபோலை எறியாதீங்க தம்பி, இதுக்கு அதுதான் அளவு. கைகளுக்கு இடையில 120 பாகை, படுக்கையா, வி வடக்கை அல்லது தெற்கைப் பார்த்தபடி. எழுத்து வேணும் எண்டா விண்வெளி நிலையத்தின்ர 145.825 பக்கெற். 1200 ஏஎஃப்எஸ்கே (ரெண்டு தொனியால பிட் அனுப்புற முறை), சிக்னல் பலமா இருக்கும்.

கல்லடி | ஜூன் 12, இரவு 9.20

145.825க்கு ஒரு சேர்க்கை. அது அஞ்சல் நிலையம் மாதிரி, கீழ இருந்து யாராவது அனுப்பினாத்தான் திரும்ப அனுப்பும். நிலையம் தென்னிந்தியாவுக்கு மேலயோ சுமாத்திராப் பக்கமோ போகேக்க பாருங்க. வைபி, வைசி, வைடி எண்டு தொடங்குற இந்தோனேசியக் கோல்சைன்கள் விழும். நடுச்சாமத்தில இந்து சமுத்திரத்துக்கு மேல தெற்கால போற பாஸில ஒண்டும் வராட்டி உங்கட அன்டெனாவைக் கழட்டாதீங்க.

கேட்கிறது ஒண்டு, அனுப்புறது வேற. அனுப்ப 4எஸ்7 கோல்சைனும் உரிமமும் கட்டாயம். சாமான் வெளிநாட்டில இருந்து எடுக்கிறதுக்கு முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்க.

கல்முனை | ஜூன் 15, பகல் 1.40

கெயின் 36. காலைப் பாஸில பிரேம் நல்லா வருது. மத்தியானத்தில விழுகுதில்ல. அதே செய்மதி இல்ல, வேற ஒண்டு, 1200 பிபிஎஸ்கே (அலையின்ர கட்டத்தை மாத்தி பிட் அனுப்புற முறை). கோடு நடுவில இருந்து ஒரு பக்கமா விலகித்தான் நிக்குது.

கல்லடி | ஜூன் 15, பகல் 2.25

கச்சான் காத்தடிக்கிற காலத்தில தகரக் கூரைக்குக் கீழ டொங்கிள் அடுப்பாகும். வி3இல இருக்கிற டிசிஎக்ஸ்ஓ (சூட்டுக்கேற்பத் திருத்துற அலையியற்றி) 1 பிபிஎம் (பத்து லட்சத்தில ஒரு பங்கு) பிசகும், அதாவது 437இல 437 ஹேர்ட்ஸ். 9600க்கு அது ஒண்டுமில்ல. 1200 பிபிஎஸ்கேக்கு அது பெரிய விலகல். மலிவு நீல டொங்கிள்ல 50 பிபிஎம் கூடப் பிசகும், அது 22 கிலோஹேர்ட்ஸ். பாஸுக்கு 20 நிமிசம் முந்தியே டொங்கிளை ஓட விடுங்க, சூடு நிலைச்ச பிறகு பிபிஎம் திருத்தத்தைப் போடுங்க. அளக்க கலிபிரேட் எண்ட சின்ன மென்பொருள், ஜிஎஸ்எம் 900 கோபுரத்தை வைச்சு அளக்கும்.

லப்டொப் மணிக்கூட்டையும் பாருங்க. 437இல டொப்ளர் ஏறத்தாழ +10இல இருந்து -10 கிலோஹேர்ட்ஸ் வரை ஓடும். ஆனா அது ஒரே சீரா ஓடாது. 500 கிலோமீற்றர் உயரத்தில தலைக்கு மேல போகேக்க செக்கனுக்கு 160 ஹேர்ட்ஸ் கிட்ட மாறும். மணிக்கூடு 5 செக்கன் பிந்தினா அந்த இடத்தில 800 ஹேர்ட்ஸ் தள்ளி நிப்பீங்க. ஒரு கிழமை பழைய டிஎல்ஈயும் (செய்மதியின்ர சுற்றுப்பாதைத் தரவு) இதே வேலையைச் செய்யும். செலெஸ்ட்ராக் இணையத்தளத்தில இருந்து நாளுக்கு ஒருக்காப் புதுப்பிச்சாப் போதும். புதுசா ஏவின கியூப்சற்றுகளுக்கு மட்டும் அடிக்கடி.

பிரிச்சறிய: விலகல் பாஸ் முழுக்க ஒரே அளவு எண்டா பிபிஎம். உச்சியில மட்டும் கூடி, ரெண்டு நுனியிலயும் இல்லாட்டி நேரம் அல்லது டிஎல்ஈ.

ஒலுவில் | ஜூன் 15, இரவு 10.10

இந்தத் தொல்லையெல்லாம் குறைய, ஒடியோவை விட்டிட்டு ஐக்யூ ரெக்கோடிங் (டொங்கிள் தாற சாம்பிளை அப்படியே பதியிறது) எடுங்க. ஒருக்கா எடுத்தா எத்தினை தரமும் திருப்பிப் போட்டு டொப்ளரை, அகலத்தை மாத்திப் பார்க்கலாம். டேனியல் எஸ்டேவெஸ் எழுதின ஜிஆர்-சற்லைற்ஸ் மென்பொருள் ஐக்யூ கோப்பை நேரா வாசிக்கும். செய்மதியின்ர நோராட் இலக்கத்தை (அமெரிக்கப் பட்டியல்ல ஒவ்வொரு செய்மதிக்கும் இருக்கிற எண்) குடுத்தா எந்த மொடியூலேஷன், எந்தப் பிரேம் வகை எண்டு அதுக்கே தெரியும்.

அளவைக் கவனிங்க. 2.4 மெகாசாம்பிள்ல 8 பிட் எடுத்தா செக்கனுக்கு 4.8 மெகாபைட், பத்து நிமிசப் பாஸுக்கு 2.9 ஜிகாபைட். டிஸ்க் நிரம்பும். மெதுவான டிஸ்க் எண்டா இடையில சாம்பிள் விடுபடும், விடுபட்ட இடத்தில பிரேம் சாகும். 250 கிலோசாம்பிள்ல எடுத்தா 300 மெகாபைட்தான், அதுவே தாராளம். மத்திய மீடிறனைச் செய்மதியில இருந்து 50 கிலோஹேர்ட்ஸ் தள்ளி வைங்க. நடுவில நிக்கிற அந்த நேரோட்ட முள் சிக்னலுக்கு மேல ஏறாது.

கல்முனை | ஜூன் 19, இரவு 8.15

இப்ப ஒரு பாஸுக்கு இருபதுக்கு மேல பிரேம். ஆனா வாசிக்க ஏலல்ல. தொடக்கம் 86 ஏ2 40 40 40 40 60 எண்டு வருது. கோல்சைன் எங்க? செய்மதிக்காரர் போட்ட அட்டவணைப்படி பற்றரி வோல்ட்டேஜ் பார்த்தா 42 வோல்ட் காட்டுது. ஒரு பக்கச் சூரியத் தகடு ராவில 0.

கல்லடி | ஜூன் 19, இரவு 9.05

நீங்க கேட்ட மூண்டிலயும் பிரேம் சரிதான். சிஆர்சி ஒத்துப் போயிருக்கு, அதால பைட்டுகளைச் சந்தேகப்படாம வாசிக்கிற முறையைப் பாருங்க.

ஏஎக்ஸ்.25 முகவரியில ஒவ்வொரு எழுத்தும் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி வரும். பதினறும எண்ணா வைச்சே பாதியாக்குங்க. 86இன் பாதி 43, அது 'சி'. ஏ2இன் பாதி 51, அது 'கியூ'. 40இன் பாதி 20, வெற்றிடம். செய்மதி எல்லாரையும் பார்த்து 'சிகியூ' எண்டு கூப்பிடுது. அதுக்கடுத்த ஏழு பைட்தான் செய்மதியின்ர சொந்தக் கோல்சைன். பிறகு 03, எஃப்0 எண்டு ரெண்டு பைட். டெலிமெட்ரி அதுக்குப் பிறகுதான் தொடங்கும், அட்டவணையின்ர 0ஆம் பைட்டும் அதுதான்.

42 வோல்ட்: உங்களுக்கு வந்த ரெண்டு பைட் ஏ4, 1எஃப் ஆக இருக்கவேணும். அப்படியே வாசிச்சா 42015. திருப்பி 1எஃப் ஏ4 எண்டு வாசிச்சா 8100 மில்லிவோல்ட், 8.1 வோல்ட். ரெண்டு லிதியம் செல் தொடர்ல முழுசா ஏறினா 8.4. அதால 8.1 நம்பலாம். சின்ன முனை முதல்ல வாற ஒழுங்கு. அட்டவணையில எழுதாட்டியும் இப்படிக் கண்டுபிடிக்கலாம்: பௌதிகத்துக்குப் பொருந்துற விடை ஒண்டுதான் இருக்கும்.

சூரியத் தகடு 0 நல்ல செய்தி. ராப் பத்தரைப் பாஸில செய்மதியும் பூமியின்ர நிழலுக்குள்ளதான். ஆறு பக்கமும் 0 இருக்கும், பற்றரி மெல்ல இறங்கும். காலைப் பத்தரைப் பாஸோட பக்கத்தில வைச்சுப் பாருங்க, அங்க ரெண்டு மூண்டு பக்கம் மின்னோட்டம் காட்டும். எந்தப் பக்கம் எத்தினை செக்கனுக்கு ஒருக்கா ஏறி இறங்குது எண்டு வரைஞ்சா, மேல போற அந்தச் சின்னப் பெட்டி எவ்வளவு வேகமா உருளுது எண்டு கல்முனையில இருந்தே சொல்லலாம். எனக்கு இந்த வேலையில மிகப் பிடிச்ச இடம் இதுதான்.

ஏறாவூர் | ஜூன் 22, காலை 6.05

எல்லாம் ஓடுது எண்டா இப்பவே மாரிக்கு ஆயத்தப்படுத்துங்க. கடற்காத்தில எஃப் கொனெக்டர் பச்சை பிடிக்கும். தானா ஒட்டுற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தி, மேல பிவிசி டேப். கேபிள் வீட்டுக்குள்ள நுழையிற இடத்தில கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்க, தண்ணி அங்க சொட்டும். புளிப்பு மணக்கிற சிலிக்கோனைப் பூசாதீங்க, அதில வாற அசற்றிக் அமிலம் செம்பை அரிக்கும். மணமில்லாத வகை கேளுங்க. தண்ணி புகுந்த கேபிளைக் காய வைச்சுப் பிரயோசனமில்ல. வலை கறுத்திருந்தா வெளிச்சமான உலோகம் தெரியும்வரை வெட்டிக்கொண்டு போங்க, அரை மீற்றர் போனாலும் சரி.

ஏப்ரல், ஒக்டோபர் இடி மின்னலுக்கு டொங்கிளை மட்டும் கழட்டினாப் போதாது. கேபிள் முனையையே வீட்டுக்கு வெளியில எறிஞ்சிருங்க.

திருக்கோவில் | ஜூன் 24, இரவு 7.30

சற்நொக்ஸ் நிலையமா 24 மணித்தியாலமும் ஓட விடுறதுக்கு ராஸ்பெரி பை 4 (சின்னக் கணினி) போதுமா? ஓட விட்டா ரெண்டு நாளைக்கு ஒருக்கா டொங்கிள் காணாமப் போகுது.

ஒலுவில் | ஜூன் 24, இரவு 8.12

போதும். டொங்கிள் காணாமப் போறது பெரும்பாலும் மின் வழங்கல். போன் சார்ஜரால ஓட்டாதீங்க, 5.1 வோல்ட் 3 அம்பியர் அடப்டர், தடிச்ச குட்டை வயர். பையின்ர பதிவில 'அண்டர்வோல்ட்டேஜ்' எண்டு தேடுங்க, இருந்தா அதுதான். லினக்ஸ் தன்ர டிவி டிரைவரை டொங்கிளுக்குப் போட்டிருந்தா அதையும் தடைப்பட்டியல்ல சேர்க்கவேணும். கரண்ட் கட்டுக்கு ஒரு சின்ன யூபிஎஸ். நிலைய அமைப்பில ஆகக்குறைஞ்ச ஏற்றக்கோணத்தை 10க்கு வைங்க. தென்னை மறைக்கிற மேற்குப் பக்கப் பாஸ்கள் வெறும் இரைச்சல் பதிவா ஏறும், குறிச்சு வைச்ச மற்றவங்களுக்கு அது வீண்.

கல்முனை | ஜூன் 27, இரவு 9.50

பிரேம்களைச் சற்நொக்ஸ் தரவுத்தளத்துக்கு அனுப்பினன். ஏறியிருக்கு. ஆனா நான் அனுப்பினது மட்டும் வரைபடத்தில தனியாத் தள்ளி நிக்குது.

கல்லடி | ஜூன் 27, இரவு 10.05

எவ்வளவு தள்ளி? அஞ்சரை மணித்தியாலம் எண்டா இலங்கை நேரத்தில அனுப்பியிருக்கிறீங்க. யூடிசியில (உலகப் பொது நேரம்) போகவேணும். லப்டொப்பை மாத்தத் தேவையில்ல, அனுப்புற மென்பொருளில யூடிசி எண்டு தெரிவு செய்யுங்க. ஐக்யூ கோப்புப் பேரிலயும் தொடங்கின நேரத்தை யூடிசியிலேயே, செக்கன் வரை எழுதி, கடைசியில 'இசட்' போடுங்க. பழைய ரெக்கோடிங்குக்கு டொப்ளர் திருத்தம் போடேக்க மென்பொருள் அந்த நேரத்தைத்தான் எடுக்கும். அந்த மூண்டு முதல் பிரேமையும் நேரம் திருத்தித் திரும்ப அனுப்புங்க தம்பி. வங்காள விரிகுடாவுக்கு மேல கேட்கிற ஆக்கள் குறைவு, அந்த மணித்தியாலத்துக்கு உங்கட பிரேம் மட்டும்தான் இருக்கக்கூடும்.

கல்முனை | ஜூன் 27, இரவு 10.31

அஞ்சரையேதான். திருத்தி அனுப்பிட்டன்.